பால் நிறச் சட்டை

முடிச்சை அவிழ்த்தது நான்தான், வேறு யார் தலையில் பழியைக் கட்ட முடியும். ராத்திரி முழுக்க நன்றாகத்தான் இருந்தது. பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒரு நுனியை அவர் மணிக்கட்டிலும் மறு நுனியை என் வளையலிலும் கட்டியிருந்தேன், அவர் முப்பத்துமூன்றில், நான் எதிரே முப்பத்தாறில், மாவுக்கட்டுப் போட்ட என் இடது கால் தலையணை மேல் மகாராணி மாதிரி. அவர் புரண்டால் வளையல் இழுக்கும், விழித்துக்கொள்வேன், ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் மறுபடி கண்ணை மூடுவேன். மெட்ராஸில் மகன் பிரபாகர் வீட்டில் இருந்த மூன்று வாரமும் இப்படித்தான். மருமகள் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, மாமா என்ன கன்னுக்குட்டியா" என்று சிரித்தாள். கன்றுக்குட்டி என்றால் அவிழ்த்துவிட்டாலும் தேடிக்கொண்டு வந்துவிடுமே தாயே, இது அப்படியில்லையே. விடிந்து ஆறரைக்கு எழுந்து உட்கார்ந்து சுண்டுவிரலைக் காட்டினார். "போயிட்டு நேரா இங்கதான் வரணும், நம்பர் என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றேன். "முப்பத்துமூணு. எனக்கே நம்பர் சொல்லிக் குடுக்கிறியா புள்ள" என்று சிரித்தார். புள்ள என்று கூப்பிட்டு எத்தனை மாசம் ஆயிற்று, அந்தச் சிரிப்பில் நான் குளிர்ந்து போனேன், அந்தச் சிரிப்பில்தான் ஏமாந்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். இப்போது மணி ஏழு பத்து. வண்டி ஆலங்கிணறு ஜங்ஷனில் வந்து நின்று ஐந்து நிமிஷம் ஆகிறது, அவர் இன்னும் வரவில்லை.

கக்கூஸில் ஆள் இருந்திருக்கும், காத்துக்கொண்டு நிற்பார். நாற்பது நிமிஷமா நிற்பார். அடுத்த பெட்டிக் கக்கூஸுக்குப் போயிருப்பார், பெட்டிக்குப் பெட்டி பாதை இருக்கிறதே, அப்படியே நடந்திருப்பார், நடக்க ஆரம்பித்தால் அவருக்கு நிற்கத் தெரியாது. வேறு எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் எனக்கு இவ்வளவு நெஞ்சு அடிக்காது. இந்த வண்டி இங்கே இரண்டாகும். முன்னால் உள்ள பத்துப் பெட்டி கடற்கரைப் பக்கம் முத்தாபுரத்துக்குப் போகும், நாலு மணி நேரம். பின்னால் உள்ள எட்டுப் பெட்டியை ஏழு நாற்பதுக்குக் கழற்றி, ஷன்டிங் என்ஜின் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் அடுத்த தண்டவாளத்தில் விட்டு, வேறு என்ஜின் கோர்த்து எங்கள் ஊர் தோப்புக்கரைக்கு அனுப்பும். "இறங்கி ஏற வேண்டாம்மா, நீங்க உக்காந்த இடத்திலயே உக்காந்திருங்க, பெட்டியே பிரிஞ்சு போயிரும்" என்று பிரபாகர் டிக்கெட்டை என் கையில் வைத்துச் சொன்னான். எனக்குச் சொல்லிக் கொடுக்கிறான், அப்பாவுக்குப் பிள்ளை. இந்த ஜங்ஷனில் இருபத்தேழு வருஷம் இந்த வண்டியைக் கழற்றியது யார், இவன் படித்த படிப்பு எந்தச் சம்பளத்தில். அவர் இங்கே பாயிண்ட்ஸ்மேன். இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து இறங்கி, காற்றுக் குழாயைப் பிரித்து, திருகைத் தளர்த்தி, கொக்கியைத் தூக்கி எடுத்துவிட்டு வெளியே வந்து கையை உயர்த்தி "விட்டாச்சு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். எங்கள் குவார்ட்டர்ஸ் அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன், கடிகாரம் பார்த்ததில்லை. அவர் கை துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும்.

அதுதான் பயம். முன்பாதியில் ஏறி உட்கார்ந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, ஆள் முழுசாக இருப்பார். கீழே இறங்கியிருந்தால்? இந்த ஸ்டேஷனைப் பார்த்ததும் கை அரித்திருந்தால்? வீட்டிலேயே இரண்டு நாற்காலிக்கு நடுவில் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருக்கிற மனுஷர். மெட்ராஸ் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கி எடுத்து அவர் சத்தம் கொடுத்தபோது ஓடி வந்துதான் நான் குளியலறை ஈரத்தில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டேன். பெட்டிகளுக்கு நடுவே அவர் குனிகிற நேரத்தில் என்ஜின் ஒரு இடி இடித்தால் போதும். மிக்கேல் என்று இவர் கூட்டாளி ஒருத்தர் இருந்தார், ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொண்டுவருவார். ஒரு காலை நேரம் இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்றபடியே மாட்டிக்கொண்டார். நின்றுகொண்டே பேசினாராம், தண்ணீர் கேட்டாராம், வீட்டுக்காரியைக் கூட்டி வரச் சொன்னாராம். பெட்டியைப் பிரித்தால் உயிர் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும், பிரிக்காமலும் இருக்க முடியாது. அன்றைக்குக் கொக்கியைத் தூக்கியது இவர்தான். வந்து சாப்பிடவில்லை, படுக்கவில்லை, பின்வாசலில் போய் நின்றுகொண்டு, "அன்னைக்கு மட்டும் சத்தம் குடுக்க வாய் வரல புள்ள" என்றார். இத்தனை மறந்தவருக்கு அது மறந்திருக்குமா? மறந்திருந்தால் நல்லது. மறந்திருந்தால் பயம் இல்லாமல் குனிவாரே, அது நல்லதா. ஐயோ, எனக்கு எது நல்லதென்றே தெரியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மேல் படுக்கையில் இருந்து இறங்கிப் பல் தேய்த்துவிட்டு வந்தவரைப் பிடித்துக்கொண்டேன், ஜெயசீலன் என்று பெயர், தோப்புக்கரைக்கு உரக்கடை விஷயமாகப் போகிறவர், ராத்திரி எனக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்த புண்ணியவான். "தம்பி, எங்க வீட்டுக்காரரைக் காணோம், அவுகளுக்கு மறதி, பெட்டி பெட்டியா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்றேன். "வந்துருவாரும்மா, எங்க போயிருவாரு" என்றார். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு கேட்க வேண்டும். ஆனாலும் கிளம்பினார், செருப்பை மாட்டிக்கொண்டே, "அவர் முகத்தை ராத்திரி சரியாப் பாக்கலம்மா, லைட் இல்ல, போத்திப் படுத்திருந்தாரு. பேர் என்ன?" என்றார். நாற்பத்தொரு வருஷமாக நான் சொல்லாத பெயர். "பிரபாகர் அப்பா" என்றேன். "அது சரிம்மா, அவர் பேரு?" டிக்கெட்டில் இருக்கிறது பாருங்கள் என்று நீட்டியிருக்கலாம், அந்த நேரத்துக்கு அது கூடத் தோன்றவில்லை, டிக்கெட் இதோ என் இடுப்பில்தான் சொருகியிருக்கிறது. அவரே, "சரி விடுங்க, என்ன சட்டை போட்டிருக்காரு?" என்றார். "பால் நெறச் சட்டை, வேட்டி, தலை பூரா நரை" என்றேன். "பால் நெறம்னா, க்ரீம் கலரா?" "ஆமா தம்பி, அதுதான், சீக்கிரம் போங்க" என்றேன். போனார். இப்போது மணி ஏழு இருபத்திரண்டு.

அவர் பெயர் ஒரு நிறத்தில் ஆரம்பித்துச் சாமியில் முடியும். கல்யாணம் ஆன மூன்றாம் நாள் குழம்புக்குப் பூண்டு கேட்கும்போது பூண்டின் முழுப்பெயரைச் சொல்லிவிட்டேன், மாமியார் கரண்டிக் காம்பால் விரலில் ஒன்று போட்டாள். "புருசன் பேரை அடுப்படியில வச்சு உரிக்கப் போறியா? ஆயுசு கொறையும்டி" என்றாள். அன்றோடு போயிற்று. பூண்டு வெறும் பூண்டாயிற்று, அந்த நிறம் எனக்குப் பால் நிறமாயிற்று. கடையில் பால் நிற நூல் ஒரு கண்டு என்றால் எடுத்துக் கொடுப்பார்கள், ஊர் முழுக்கத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் கொக்கு என்ன நிறம் என்று கேட்டதற்குப் பால் நிறம் என்று பிரபாகர் சொல்லி டீச்சரிடம் குட்டு வாங்கி வந்தான், இவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் இவரைப் பார்ப்பேன், இவர் சொல்வார். இவர் இல்லாமல் நான் மட்டும் போனால் சாமிக்குத் தெரியாதா என்று விட்டுவிடுவேன். கூப்பிட வேண்டும் என்றால் ஏங்க. அதற்குத்தான் திரும்புவார். எவ்வளவு கூட்டத்திலும், தேர் இழுக்கிற சத்தத்திலும், என் ஏங்க மட்டும் அவர் காதில் தனியாக விழும். போன தையிலிருந்து அதற்கும் திரும்புவதில்லை. மெட்ராஸ் டாக்டர் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். இவர் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "பக்கத்து குவார்ட்டர்ஸ்" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய, பக்கத்து வீட்டுக்காரிதான் உன் கக்கூஸ் வரைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறாளா மனுஷா என்று மனசுக்குள் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன், அவர் தோளில் சாய்ந்துதான் அழுதேன், தள்ளி உட்கார்ந்தார்.

ஏழு முப்பத்தொன்று. எழுந்து நின்று பார்த்தேன், ஒற்றைக்காலில் இரண்டு தாவு தாவினேன், மாவுக்கட்டு தரையில் பட்டதும் உச்சி வரைக்கும் ஏறியது வலி, மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னலில் முகத்தை வைத்தால் பிளாட்பாரத்தில் நாலு முழம் தெரிகிறது. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நாய், இட்லிப் பொட்டலம் விற்கிற ஆள். அவரிடம், "ஐயா, வயசானவர் யாராவது பெட்டிக்குக் கீழ எறங்குறாரா பாருங்க" என்றேன், "ரெண்டு செட்டாம்மா?" என்கிறார். தலைக்கு மேல் சங்கிலி தொங்குகிறது. இழுத்தால்? நிற்கிற வண்டியை நிறுத்தி என்ன செய்ய. நின்ற வண்டியை நகராமல் வைக்கும் என்றால் இப்போதே இழுப்பேன், ஆனால் முன்பாதி முன்பாதிதான், பிரிந்த பிறகு என் சங்கிலி என் எட்டுப் பெட்டிக்குத்தான். பிரிவதற்கு முன்னால் இழுத்தால் பதினெட்டும் என் கைக்குள் இருக்கும். இழுக்கலாம். இழுத்தால் ஆள் வருவார், ஏன் இழுத்தாய் என்பார், என் வீட்டுக்காரர் கக்கூஸுக்குப் போனார் என்பேன், வந்துருவாரும்மா என்பார். எட்டிப் பார்த்தேன், சங்கிலி முப்பத்தேழாம் படுக்கைக்கு மேலே, ஒற்றைக்காலில் எட்டாது. குடையின் வளைந்த பிடியை மாட்டி இழுக்கலாம். குடை எங்கே? குடையை அவர் கொண்டு போயிருக்கிறார். கக்கூஸுக்குக் குடை கொண்டு போகிற ஆளைப் பார்த்தும் நான் ஏன் ஒன்றும் கேட்கவில்லை, எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், அந்தப் பத்து நிமிஷத் தூக்கம் அப்படி என்ன சுகம். இருபத்தோரு நாள் தூங்காதவள் பத்து நிமிஷம் தூங்கினால் அது குற்றமா? குற்றம்தான், இன்றைக்குக் குற்றம்தான்.

இடித்தது. ஷன்டிங் என்ஜின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட இடி, பெட்டி பெட்டியாக வந்து என் முதுகில் முட்டி முன்னால் போயிற்று. இந்த இடிக்குப் பிறகு நாலு நிமிஷம். இப்போது ஒருத்தன் நடுவில் குனிந்திருப்பான், யாரோ புது ஆள், அவன் பக்கத்தில் இவரும் குனிந்திருந்தால், தள்ளுடா நான் பாத்துக்கிறேன் என்று அவனைத் தள்ளியிருந்தால். காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அலறல் கேட்குமா, சத்தம் கேட்குமா. விட்டாச்சு என்று அவர் குரல் கேட்டால்கூடப் போதும், ஆள் வெளியே வந்துவிட்டார் என்று அர்த்தம். ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் சத்தம் கொடுப்பதில்லை போலிருக்கிறது. ஒரு விசில், அவ்வளவுதான், எங்கள் எட்டுப் பெட்டியும் பின்பக்கமாக நகர ஆரம்பித்தன. தண்ணீர்க் குழாய் போயிற்று, நாய் போயிற்று. இந்தக் குழாயடியில் எத்தனை குடம் பிடித்திருப்பேன், அது என்னைப் பார்க்காமலே போகிறது. அலறல் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல், கீழே அவர் இல்லை, கீழே இல்லை என்று நூறு தடவை சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் ஜெயசீலன் மூச்சிரைக்க வந்து எதிரே, அவருடைய முப்பத்துமூன்றிலேயே, தொப்பென்று உட்கார்ந்தார்.

"முன்னாடி கடைசி பெட்டி வரைக்கும் பாத்துட்டேம்மா. க்ரீம் கலர் சட்டையில ஒருத்தரும் இல்ல. இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா நானே அந்தப் பாதியில மாட்டியிருப்பேன், நல்ல வேளை எஸ் மூணுல ஒரு பெரியவர் சொன்னாரு. எப்ப பிரிப்பாங்கன்னு கேட்டேன், 'இன்னும் நாலு நிமிசம். நீங்க பின்பாதியா? அப்ப ஓடுங்க, இடி விழுந்துருச்சு'ன்னாரு. கரெக்டா நாலு நிமிசம்மா! ரயில்வே ஆளா இருப்பாரு போல."

"அவர் கையில குடை இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சு, மடியில வச்சிருந்தாரு. அங்கயும் முப்பத்துமூணாம் நம்பர்லதான் உக்காந்திருந்தாரு, அதான் ஒரு நிமிசம் நின்னு பாத்தேன். ஆனா அவர் ரொம்பத் தெளிவாப் பேசினாரும்மா, மறதிக்காரர் மாதிரியே இல்ல. சட்டையும் க்ரீம் இல்ல. வெள்ளை. நல்ல வெள்ளைச் சட்டை."

அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். ஒரு சொல், மூன்று எழுத்து. நான் ஜெயசீலனிடம் சொல்லியிருந்தால் பத்து நிமிஷம் முன்னாலேயே கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பார். ஆயுசு குறையும் என்று நாற்பத்தொரு வருஷம் அந்தச் சொல்லைப் பொத்திப் பொத்தி வைத்து என்ன கண்டேன். அவர் போனது சரியான நம்பர், சொன்ன நேரம் சரியான நேரம், எல்லாம் சரியாகச் செய்திருக்கிறார் மனுஷர், பெட்டி மட்டும் மாறிப் போயிற்று. நான்தான் தப்பாகச் சொல்லித் தேட விட்டிருக்கிறேன். "அவுகதான் தம்பி, அவுகதான்" என்றேன். ஜெயசீலன் முகம் செத்துவிட்டது. "ஐயோ, பாலுன்னா க்ரீம்னுல்ல நெனச்சேன்" என்று எழுந்து வாசலுக்கு ஓடினார். ஓடி என்ன, பெட்டி நகர்ந்துகொண்டிருக்கிறது.

பின்னால் போன பெட்டிகள் நின்று, யோசித்து, மறுபடி முன்பக்கமாக நகர்ந்து அடுத்த தண்டவாளத்துக்குள் நுழைந்தன. எனக்குத் தெரியும், அவர் நோட்டுத் தாளில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார், முன்பாதியும் பின்பாதியும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஜன்னலோடு ஜன்னல், கை நீட்டினால் தீப்பெட்டி வாங்கலாம் என்பார். நின்றோம். எதிர்த் தண்டவாளத்துப் பெட்டியில் ஒரு பெண் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஜெயசீலன் சரளைக்கல்லில் குதித்து முன்னால் ஓடுகிற சத்தம் கேட்டது, எஸ் மூன்று எங்கேயோ முன்னால் இருக்கிறது, நான் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திப் பார்க்கிறேன், தெரியவில்லை. எங்கள் பெட்டி இன்னும் கொஞ்சம் முன்னால் போய் நின்றால் என்ன. யாரோ வேண்டுதலைக் கேட்ட மாதிரி ஒரு தள்ளு தள்ளினார்கள். நகர்ந்தது, தலை சீவுகிறவள் போனாள், ஒரு பெட்டி போயிற்று, இன்னொன்று போயிற்று, நின்றது.

எதிரே அவர். என் ஜன்னலுக்கு நேர் இல்லை, ஒரு ஜன்னல் தள்ளி. குடையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, அசையாமல் இருக்கிறார், தலைகூடச் சீவியிருக்கிறார். அதே சட்டைதான். அவருக்கு எதிரே உள்ள முப்பத்தாறு காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அங்கே வந்து உட்கார வேண்டிய யாரோ இன்னும் வரவில்லை என்பது போல. அவர் என்னைத் தேடுகிறார். கக்கூஸுக்குப் போன நான் திரும்பவில்லை என்று அவர் அங்கே உட்கார்ந்து காத்திருக்கிறார்.

"ஏங்க!" என்றேன். திரும்பவில்லை. "ஏங்க, இங்க பாருங்க! பிரபாகர் அப்பா!" எதிர்ப் பெட்டியில் யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். இவர் பார்க்கவில்லை. ஜெயசீலன் இன்னும் அங்கே வந்து சேரவில்லை, எங்கோ முன்னால் என்ஜின் ஊதியது. அவர் ஜன்னல் ஒரு விரற்கடை நகர்ந்தது. இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி, நடுவில் மூன்று முழம், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை, கால் இல்லை, சங்கிலி இல்லை, கயிறு இல்லை. ஆயுசு குறைந்தால் குறையட்டும் என்று இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"வெள்ளைச்சாமி!"

சட்டென்று திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. கம்பிக்கு வெளியே கையை நீட்டி நன்றாக உயர்த்திக் காட்டினார்.

"விட்டாச்சு!" என்றார், அடுப்படி வரைக்கும் கேட்கிற அதே குரலில். "போகலாம், போகலாம்!"

வண்டி வேகம் எடுத்தது. கை தெரிகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே போனார். நாற்பத்தொரு வருஷத்தில் நான் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவர் உடனே பதில் சொல்லிவிட்டார்.